அலுவலகத்தில் வீடியோ கேம் துணை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் இந்த ஆண்டு சேர்ந்த இளைஞர்கள் இருவர், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ஒரு மடிக்கணினியையும் இரண்டு கொன்ட்ரோலர்களையும் ஓய்வறை மேசையில் வைத்து, பழக்கமில்லாத சக ஊழியர்களை விளையாட அழைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் எட்டு ஆண்டுகளாக இதே முயற்சியில் இருப்பவன் என்ற முறையில் அதைக் காண எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நான் விட்ட பிழைகளையே அவர்களும் ஒன்று விடாமல் செய்யும்போது மனம் பொறுக்கவில்லை. வேலை நேரத்தில் விளையாடக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்பவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

துணை எவரும் இல்லை என்று முடிவு கட்டுதல்

இந்த அலுவலகத்தில் கேம் விளையாடுபவர் ஒருவர்கூட இல்லை என்று இரண்டு ஆண்டுகள் நம்பியிருந்தேன். பஸ்ஸில் வரும்போது கேண்டி கிரஷ் விளையாடும் காசாளரும், இரவில் மருமகனோடு பப்ஜி மொபைல் ஆடும் சாரதியும் அப்போதும் என் பக்கத்தில்தான் இருந்தார்கள். கைத்தொலைபேசியில் ஆடுவதை ஒரு விளையாட்டாக மதிக்காதவன் நான்தான். "கேம் விளையாடுவீங்களோ?" என்று கேட்டால், அது பிள்ளைகளின் வேலை என்ற எண்ணத்தில், வயதுக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோர் யாரும் ஆம் என்று சொல்லமாட்டார்கள். போனில் என்ன விளையாடுகிறீர்கள் என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள்.

கையிலிருந்து கொன்ட்ரோலரைப் பிடுங்குதல்

சென்ற சனிக்கிழமை அந்த இளைஞர்களில் ஒருவர் பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை இதைச் செய்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன்.

2021 இல் வெளிவந்த இட் டேக்ஸ் டூ, இருவர் சேர்ந்து மட்டுமே ஆடக்கூடிய விளையாட்டு. விவாகரத்தை நெருங்கிய கணவனும் மனைவியும் பொம்மைகளாக மாறிவிடும் கதை அது. அந்தக் கதையைச் சொன்னபோது கணக்குப் பகுதியில் இருந்த அக்கா ஒருவர் ஆர்வத்தோடு கேட்டார். இரண்டு ஆண்டுகளாக ஒரு துணைக்குக் காத்திருந்த நான், சம்பளம் வந்த அன்றே அதை வாங்கிவிட்டேன். ஆனால் ஆடத் தொடங்கியதும் அக்காவின் பொம்மை நிலத்தைப் பார்த்தபடி போய்ச் சுவரில் முட்டியது. இடது பெருவிரலால் நடக்கவேண்டும், வலது பெருவிரலால் பார்வையைத் திருப்பவேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவேண்டும். ஒரு பள்ளத்தைத் தாண்ட முடியாமல் ஆறு முறை விழுந்தார். "தாங்கோ அக்கா, இந்த இடத்தை மட்டும் நான் தாண்டித் தாறன்" என்று வாங்கினேன். அடுத்த பள்ளத்திலும் வாங்கினேன். மூன்றாவது முறை நான் கேட்கும் முன்பே அவர் கொன்ட்ரோலரை நீட்டிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "நீங்களே விளையாடுங்கோ தம்பி, நான் பார்க்கிறன்." அடுத்த வாரம் தனக்கு வேலை இருக்கிறது என்றார். ஆறு மாதத்தில் வவுனியாக் கிளைக்கு மாற்றலாகிப் போனார். விளையாட்டு பாதியில் நிற்கிறது.

கொன்ட்ரோலரில் ஒவ்வொரு பெருவிரலுக்கும் ஒரு குச்சி என்ற அமைப்பைச் சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிக்குக் கொண்டுவந்தது 1997 இல். அந்த ஆண்டில் அக்கா குப்பி விளக்கில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடு அது. நானோ 2002 இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த பின் மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷனில் பன்னிரண்டு வயதிலேயே விரல்களைப் பழக்கிக்கொண்டவன். என் விரல்களுக்கு இருபது ஆண்டுப் பழக்கம், அக்காவின் விரல்களுக்கு இருபது நிமிடம். நமக்குச் சைக்கிள் பழக்கியவர்கள் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்களே தவிர, நாம் தள்ளாடினோம் என்பதற்காக நம்மை இறக்கிவிட்டுத் தாங்கள் ஏறி ஓட்டவில்லை.

ஆகவே, விழட்டும். பத்துத் தரம் விழுந்தாலும் பேசாமல் இருங்கள். கேட்டால் மட்டும் எந்தப் பொத்தான் என்று சொல்லுங்கள். தொடங்கும் முன் அமைப்புகளுக்குள் போய்ப் பார்வை திரும்பும் வேகத்தைக் குறைத்துவையுங்கள். எதிரியும் பள்ளமும் இல்லாத வெளியான இடத்தில், நடக்கவும் சுற்றிப் பார்க்கவும் மட்டும் கால் மணி நேரம் கொடுங்கள். உங்கள் பொம்மை அதுவரை சும்மா நிற்பதில் ஒரு நட்டமும் இல்லை.

உங்களுக்கு உயிரானதையே முதலில் கொடுத்தல்

மிகக் கடினமானது என்று பெயர்பெற்ற எல்டன் ரிங் முதல் நாளுக்கு வேண்டாம்.

மேலதிகாரியிடம் வேண்டுமென்றே தோற்றல்

அவருக்கு அது விளங்கும்.

நல்லூர்த் திருவிழாவில் நாள் குறித்தல்

25 நாட்களையும் விட்டுவிடுங்கள்.

ஸ்டீம் கடவுச்சொல்லைக் கொடுத்தல்

ஸ்டீம் என்பது கணினி விளையாட்டுகளை விற்கும் இணையத்தளம். கடவுச்சொல்லை வாங்கிய நண்பர் ஏமாற்று மென்பொருளோடு கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிப் பிடிபட்டால், தடை உங்கள் கணக்கின் மேல்தான் விழும். அந்தத் தடை நிரந்தரமானது.

ஒரே அறையில் இருந்துகொண்டு இணையத்தை நம்புதல்

நாம் இங்கிருந்து ஆடும் இணைய விளையாட்டுகள் பெரும்பாலும் சென்னை, மும்பை, சிங்கப்பூர் வழங்கிகளையே நம்பியிருக்கின்றன. அலுவலக இணைப்பில் ஆறு பேர் காணொளி பார்க்கும் வேளையில் அவற்றைத் திறந்தால், திரையில் எல்லாம் தாமதித்தே நகரும்; புதியவர் தன் கைதான் மெதுவானது என்று நினைத்துக்கொள்வார். திரையைப் பிரித்து ஆடும் விளையாட்டே பக்கத்தில் இருப்பவருக்குப் பொருத்தம். எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாக உருவாக்கி 2016 இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய விளையாட்டுக்கு 2020 இறுதியில் அந்த வசதி வந்தது. மேலிருந்து பார்க்கும் விளையாட்டு என்பதால் பார்வையைத் திருப்பும் தொல்லையும் இல்லை.

அதைத்தான் கோப்பாயிலிருந்து வரும், வீட்டில் வெங்காயம் செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். தொடக்கத்தில் கிடைக்கும் 15 பாஸ்னிப் கிழங்கு விதைகளையும் பாத்தி கட்டியதுபோல வரிசையாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் விட்டார். நான்கு நாளில் கிழங்கு விளைந்ததைக் கண்டு, தன் வெங்காயத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் போகிறதே என்று வியந்தார். வழியைத் தவறவிட்டு, ஆற்றங்கரையில் அரைமணி நேரம் வீணாகச் சுற்றினார். என் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் அவர் கையொப்பமிட வந்தபோது, மழை பெய்யும் நாளில் அங்கேயும் தண்ணீர் விடத் தேவையில்லையா என்று கேட்டார். தேவையில்லை என்றேன்.