ஒன்றரை வயதுப் பிள்ளையின் பேச்சை வீட்டிலேயே கணிப்பது எப்படி?

"ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேங்கிறான்" என்று வருகிற அம்மாக்களிடம் முதலில் ஒரு பழைய டைரியை எடுக்கச் சொல்வேன். விருதுநகர் பக்கம் 14 வருடமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு வாரம் எதையும் சொல்லச் சொல்லி நச்சரிக்காமல், பிள்ளை தானாகச் சொல்வதை மட்டும் எழுதி வாருங்கள்.

உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டாம். தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் 'தூத்தா' என்றால் அது ஒரு வார்த்தை. சோற்றுக்கு 'மம்மு', நாய்க்கு 'பௌ பௌ' எல்லாம் சேரும். லாரியை 'லாலி' என்றாலும் சேரும். ர, ழ எல்லாம் பின்னால் வருகிற ஒலிகள். 'பால்', 'மில்க்' இரண்டும் சொன்னால் இரண்டாக எழுதுங்கள். "அத்தை சொல்லு" என்று கேட்டுத் திருப்பிச் சொன்னது சேராது. செல்போன் பாட்டோடு ஏ, பி, சி, டி ஒப்பிப்பதும் சேராது. இந்த இடத்தில்தான் அப்பாக்களோடு எனக்குச் சண்டை வரும்.

அடுத்தது புரிதல். என்னைக் கேட்டால் வார்த்தைக் கணக்கைவிட இதுதான் முக்கியம். "அவளுக்கு எல்லாம் புரியும்" என்றார் ஒரு பாட்டி. "செருப்பை எடுத்துட்டு வா கண்ணு" என்றதும் பேத்தி எடுத்து வந்தாள். ஆனால் சொல்லும்போதே பாட்டியின் கண்ணும் மோவாயும் வாசல் பக்கம் போனதைக் கவனித்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளையின் முகத்தையே பார்த்து மறுபடி சொல்லச் சொன்னேன். குழந்தை அசையாமல் பாட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் கரண்டி, பந்து, செருப்பு மூன்றையும் தரையில் பரப்பி, இப்படிக் கைச்சாடை, கண்சாடை இல்லாமல் ஒன்றைக் கேளுங்கள். ஒன்றரை வயதில் எடுத்துத் தர வேண்டும். அப்புறம் சுட்டு விரல். பிஸ்கட் டப்பாவைக் காட்டுவது பெரும்பாலான பிள்ளைகள் செய்வது. காக்காயைக் காட்டிவிட்டு "நீயும் பாத்தியா?" என்பதுபோல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2022இல் திருத்திய குழந்தை வளர்ச்சிப் பட்டியல்படி, 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர 3 வார்த்தையாவது வேண்டும். 2 வயதில் 'பால் வேணும்', 'அப்பா போச்சு' என்று இரண்டு சொல் சேர வேண்டும். இரண்டரை வயதில் சுமார் 50 வார்த்தை. அந்தந்த வயதில் 75 சதவீதம் பிள்ளைகளாவது செய்வதைத்தான் அதில் வைத்திருக்கிறார்கள், அதனால் நான் இதைக் குறைந்தபட்ச அளவாகத்தான் எடுத்துக்கொள்வேன். 50 வார்த்தையை 2 வயதிலேயே எதிர்பார்ப்பேன்.

குறைகிறதா? முதலில் காதைச் சோதியுங்கள். தட்டைத் தட்டினால் திரும்புகிறது என்று விட்டுவிடாதீர்கள். தடித்த சத்தம் கேட்டு, 'ஸ' போன்ற மெல்லிய ஒலி கேட்காத பிள்ளைகள் உண்டு. பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். நாக்கில் வசம்பு தேய்ப்பதும், "அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினார்" என்று உட்கார்ந்திருப்பதும் காலத்தைத்தான் தின்னும்.

சொல்லிக்கொண்டிருந்த 'தூத்தா' நின்றுபோனால் ஒரு வாரமெல்லாம் எழுத வேண்டாம், உடனே கிளம்புங்கள். மற்றபடி போகும்போது டைரியை மறக்காதீர்கள். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காது.