வகுக்கும் எண்ணில்தான் வம்பு: அமெரிக்கப் பள்ளி மாவட்ட அறிக்கைகளுக்கு மாணவர் தரவைத் தயார் செய்வது

அறிக்கையில் ஒரு சதவீதம் இடித்தால் எல்லாரும் முதலில் தொகுதியைத்தான் துருவுவார்கள்: எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் டிப்ளமா (உயர்நிலைப் பள்ளி முடித்த சான்றிதழ்) வாங்கினார்கள் என்று. அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோளாறு பின்னத்தின் கீழே, பகுதியில் இருக்கும். யாரைக் கணக்கில் சேர்ப்பது, எந்தத் தேதி நிலவரப்படி சேர்ப்பது, எந்தக் காகிதத்தின் பேரில் நீக்குவது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஜூன் மாதத்தில் பதில் தேட முடியாது. ஆகஸ்டில் மாணவர் சேர்க்கை மேசையில் என்ன பதிவானதோ அதுதான் பதில்.

2015-ன் எஸ்ஸா என்ற கூட்டாட்சிப் பள்ளிக் கல்விச் சட்டப்படி 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு தடவையும் வாசிப்பு, கணிதத் தேர்வு உண்டு. முடிவை மொத்தமாகக் காட்டினால் போதாது. முக்கிய இனக் குழுக்கள், பொருளாதாரத்தில் பின்தங்கியோர், மாற்றுத்திறன் மாணவர்கள், ஆங்கிலம் கற்போர் என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஆகவே ஒரே பிள்ளை நாலைந்து பகுதிகளில் நிற்கும். ஒரு குறியீடு தப்பினால் நாலைந்து சதவீதமும் ஆடும்.

ஆம்/இல்லை கட்டத்தை நம்பாதீர்கள்

மாணவர் தகவல் அமைப்பில் "வீடற்றவர்: ஆம்" என்று ஒரு டிக் கட்டம் இருக்கும். செப்டம்பரில் ஒரு குடும்பம் மோட்டலில் தங்குகிறது, டிக் போடுகிறார்கள். பிப்ரவரியில் வாடகைக்கு வீடு கிடைக்கிறது. யாரோ நல்ல எண்ணத்தில் டிக்கை எடுத்துவிடுகிறார்கள். ஜூனில் எடுக்கும் பட்டியலில் அந்தப் பிள்ளை இல்லை. ஆனால் வீடற்ற மாணவர்களுக்கான மெக்கின்னி-வென்டோ சட்டத்தின் கணக்கில், கல்வியாண்டில் எந்த நாளில் வீடற்றவராக இருந்திருந்தாலும் அந்த ஆண்டுக்கு அவர் உண்டு. சிறப்புக் கல்விக்கான ஐடியா சட்டத்தின் கணக்கெடுப்போ நேர் எதிர்: அக்டோபர் 1-க்கும் டிசம்பர் 1-க்கும் இடையில் மாநிலம் குறிக்கும் ஒரே ஒரு நாளின் நிலவரம். இரண்டுக்கும் ஒரே டிக் கட்டம் உதவாது.

ஒவ்வொரு நிலைக்கும் தனி வரிசை வையுங்கள்: மாணவர் ஐடி, என்ன நிலை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ஆதாரம், பதிந்தவர். நிலை மாறினால் முடிவுத் தேதி போடுங்கள். வரிசையை அழிக்கக் கூடாது. ஆங்கிலம் கற்போருக்கு இது இன்னும் முக்கியம். திட்டத்திலிருந்து வெளியேறியவரை நான்கு ஆண்டுகள் வரை அந்தக் குழுவின் தேர்வுக் கணக்கில் சேர்க்க மாநிலத்துக்கு அனுமதி உண்டு. வெளியேறிய தேதி இல்லாவிட்டால் அந்த நான்கை எங்கிருந்து எண்ணுவது?

வருமானக் குறியீடு தனித் தலைவலி. இலவச, சலுகை விலை மதிய உணவுப் படிவம்தான் நெடுங்காலமாக வறுமைக்கு அளவுகோல். 2010-ன் பள்ளி உணவுச் சட்டம் கொண்டுவந்த சமூகத் தகுதித் திட்டத்தில் சேர்ந்த பள்ளியில் எல்லாருக்கும் சாப்பாடு இலவசம், படிவமே கிடையாது. திட்டத்தில் சேரும் வரம்பு (அரசு உதவிப் பட்டியல்கள் வழியாகத் தகுதி பெற்ற மாணவர்களின் பங்கு) 2023-ல் 40 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைந்ததால் இன்னும் பல பள்ளிகளுக்கு அந்த வழி திறந்தது. அங்கே இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள்: எல்லாரையும் ஏழை என்று குறிப்பது, அல்லது படிவம் இல்லாததால் யாரையுமே குறிக்காமல் விடுவது. மாநிலம் எதை ஏற்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்நாப் (அரசின் உணவு உதவி) போன்ற உதவிப் பட்டியல்களோடு பொருத்திப் பார்க்கும் நேரடிச் சான்றளிப்பா, தனி வருமானப் படிவமா? எந்த ஆண்டு முறை மாறியதோ அந்த ஆண்டை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள். இல்லையென்றால் ஒரே வருடத்தில் வறுமை ஒழிந்துவிட்டதாகத் தெரியும். உணவுத் தகுதி விவரத்துக்குத் தனி ரகசியக் கட்டுப்பாடு உண்டு என்பதால், ஆசிரியர்கள் பார்க்கும் திரையில் அது தெரியக் கூடாது.

இனக் குறியீடு

இப்போதுள்ள முறையில் இரண்டு கேள்விகள். ஹிஸ்பானிக்கா இல்லையா என்பது முதலாவது. ஐந்து இனங்களில் ஒன்றோ பலவோ தேர்ந்தெடுப்பது இரண்டாவது. அறிக்கைக்குப் போவது ஏழு பிரிவுகள். முதல் கேள்விக்கு "ஆம்" என்றால் இரண்டாவதில் என்ன குறித்திருந்தாலும் ஹிஸ்பானிக்தான். "இல்லை" என்று சொல்லி இரண்டு இனங்களைக் குறித்தவர் "இரண்டு அல்லது மேற்பட்ட இனம்". எக்ஸெலில் கையால் பிரிப்பவர்கள் முதலில் கண்ணில் பட்ட இனத்தை எடுத்துக்கொள்வதால்தான் கறுப்பின, பூர்வகுடி எண்ணிக்கைகள் ஆண்டுக்கு ஆண்டு குதிக்கின்றன. மூலப் பதில்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஏழு பிரிவைச் சூத்திரத்தால் வரவழையுங்கள். 2024 மார்ச்சில் வந்த புதிய கூட்டாட்சித் தரநிலை இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கி, மத்திய கிழக்கு-வட ஆப்பிரிக்கப் பிரிவையும் சேர்த்திருக்கிறது. மூலப் பதில் கையில் இல்லாதவர்கள் அப்போது எல்லாப் பெற்றோரிடமும் மறுபடி போய் நிற்க வேண்டியதுதான்.

வருகை, தேர்வு

நாள்பட்ட வருகைக் குறைவு என்றால் சேர்ந்திருந்த நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராதது. சேர்ந்திருந்த நாட்கள் என்பதில்தான் சூட்சுமம். ஜனவரியில் சேர்ந்த ஒரு மாணவி 80 நாட்கள் பட்டியலில் இருந்து 9 நாள் வரவில்லை, 11.25 சதவீதம். கல்வியாண்டின் 180-ஆல் வகுத்தால் 5 சதவீதம். அவர் கணக்கிலேயே வர மாட்டார். இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள்தான் இப்படிக் காணாமல் போவார்கள், குழுவாரியாகப் பிரித்துக் காட்டும் இந்தச் சமத்துவ அறிக்கையே அவர்களுக்காக இருக்கும்போது. அனுமதி பெற்ற விடுப்பு, இடைநீக்கம் எல்லாம் வராத நாட்களே.

தேர்வில் 95 சதவீதப் பங்கேற்பு விதி: குழுவில் 95 சதவீதம் பேரோ எழுதியவர்களோ, எது பெரிதோ அதுவே பகுதி. ஒரு குழுவில் 40 பேர், எழுதியவர்கள் 34, தேறியவர்கள் 17 என்று வைத்துக்கொள்வோம். 17/34 என்று 50 சதவீதம் போட்டால் தவறு. 40-ல் 95 சதவீதம் 38. எழுதியவர் எண்ணிக்கையை விட அது பெரிது என்பதால் பகுதி 38. விடை 44.7. ஆண்டில் பாதி நாள்கூட அந்தப் பள்ளியில் இல்லாதவரின் மதிப்பெண் பள்ளியின் தேர்ச்சிக் கணக்கில் சேராது. ஆனால் அவரைத் தரவிலிருந்தே நீக்கிவிடாதீர்கள். பங்கேற்புக் கணக்குக்கு வேண்டும்.

பட்டமளிப்பு விகிதம்

அதிகம் அடிபடும் இடம் இது. பட்டம் என்பது இங்கே உயர்நிலைப் பள்ளி டிப்ளமாதான். நான்கு ஆண்டுக் கோஹார்ட்டில் (ஒன்றாக ஒன்பதாம் வகுப்பு தொடங்கி நான்கு ஆண்டில் முடிக்க வேண்டிய மாணவர் கூட்டம்) முதல் தடவையாக ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 240, இடையில் வந்தவர்கள் 18, மாற்றலில் போனவர்கள் 22 என்றால் பகுதி 236. டிப்ளமா பெற்றவர்கள் 201 என்றால் 85.2 சதவீதம். போன 22 பேரில் 9 பேருக்குக் காகிதம் இல்லை என்று தணிக்கையில் தெரிந்தால் அவர்கள் திரும்ப உள்ளே வருவார்கள். பகுதி 245, விகிதம் 82.0. ஒரு பிள்ளைகூடக் கூடுதலாகத் தோற்கவில்லை, ஆனாலும் மூன்று புள்ளி போயிற்று. மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பட்டம் பெறாத உயர்நிலைப் பள்ளி விரிவான ஆதரவுப் பட்டியலில் (மேம்படுத்த வேண்டிய பள்ளிகள் என்று மாநிலம் குறிக்கும் பட்டியல்) விழும் என்பதால், எல்லையில் நிற்கும் பள்ளிக்கு இந்த ஒன்பது பேர் பெரிய விஷயம்.

எது ஆதாரம்? புதிய பள்ளி மாணவர் கோப்பைக் கேட்டு அனுப்பிய கடிதம் போதும். "வேறு ஊருக்குப் போகிறோம்" என்று அம்மா தொலைபேசியில் சொன்னது போதாது. நாட்டை விட்டே போகிறவர்களுக்கு மட்டும் விதி தளர்வு: பெற்றோர் சொன்னதை நிர்வாகி தேதியோடு எழுதிக் கோப்பில் வைத்தால் ஏற்பார்கள். இறந்தவரையும் நீக்கலாம், அதற்கும் எழுத்து ஆதாரம் வேண்டும். ஜி.இ.டி. (டிப்ளமாவுக்கு மாற்றான சான்றுத் தேர்வு) வகுப்புக்குப் போனவரை நீக்க முடியாது. பட்டதாரியாக எண்ணவும் முடியாது. வெளியேறும் குறியீடு போட்ட 30 நாளுக்குள் காகிதம் வராத பெயர்களை மாதா மாதம் பள்ளிக்கு அனுப்புங்கள். நான்காம் ஆண்டில் தேடினால், குறியீடு போட்ட பள்ளி ஆலோசகரே வேலை மாறிப் போயிருப்பார்.

ஏற்றத்தாழ்வை அளப்பது

சிறப்புக் கல்வியில் ஒரு இனத்துப் பிள்ளைகள் அளவுக்கு மீறி அடையாளம் காணப்படுகிறார்களா என்பதை ரிஸ்க் ரேஷியோ (அந்த இனத்தின் சதவீதத்தை மற்றவர்களின் சதவீதத்தால் வகுத்த விகிதம்) சொல்லும். கறுப்பின மாணவர்கள் 500 பேரில் 100 பேர் என்றால் 20 சதவீதம். மற்றவர்கள் 3,500 பேரில் 350 என்றால் 10 சதவீதம். விகிதம் 2.0. ஒப்பிடுவது மாவட்டத்தின் மொத்தத்தோடு அல்ல, மற்ற எல்லாரோடும். மொத்தத்தோடு ஒப்பிட்டால் 450/4,000, அதாவது 11.25 சதவீதம், விகிதம் 1.78 ஆகச் சுருங்கி, இருக்கும் பிரச்சினை சின்னதாகத் தெரியும். மாநிலத்தின் வரம்பைத் தாண்டினால் ஐடியா நிதியில் 15 சதவீதத்தை முன்கூட்டிய உதவித் திட்டத்துக்கு ஒதுக்க வேண்டி வரும்.

மறைக்க வேண்டியதை மறைப்பது

மாணவர் விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் 1974-ன் ஃபெர்பா சட்டப்படி, சிறிய எண்ணிக்கையிலிருந்து ஒரு தனி மாணவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கக் கூடாது. மாநிலம் 10-க்குக் கீழே மறைக்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காம் வகுப்பில் 60 பேர், தேறியவர் 41. ஆங்கிலம் கற்போரில் 6 பேர், அந்தக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரம். பக்கத்திலேயே "மற்றவர்கள் 54, தேறியவர் 41" என்று இருந்தால் கழித்துப் பார்த்தவுடன் தெரிகிறது: அந்த ஆறு பேரில் ஒருவரும் தேறவில்லை. ஆகவே இரண்டாவது கட்டத்தையும் மறைக்க வேண்டும். மாவட்ட மொத்தத்திலிருந்து மற்ற பள்ளிகளைக் கழித்தாலும் இதே கதைதான். 0, 100 சதவீதங்களையும் அப்படியே போடாதீர்கள். குழு எவ்வளவு பெரிதானாலும் எல்லாருடைய முடிவும் வெளிப்பட்டுவிடும். "95-க்கு மேல்", "5-க்குக் கீழ்" என்று எழுதுங்கள். வெளியிடும் எக்ஸெலில் மறைத்த நெடுவரிசைகள், பிவட் அட்டவணையின் மூலத் தரவு ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மதிப்புகளை மட்டும் புதுக் கோப்பில் ஒட்டுவது நல்லது.

உறைய வைத்தல்

சமர்ப்பித்த நாளன்று அந்தத் தரவை முழுதாக நகலெடுத்து, படிக்க மட்டும் அனுமதியோடு பூட்டுங்கள். அதோடு தரவை எடுத்த வினவல் கோப்பு, வரையறைத் தாள், கையெழுத்திட்டவர் பெயர். பிறகு யாராவது குறியீட்டைத் திருத்தினால் அமைப்பில் உள்ள நடப்புத் தரவு மாறட்டும், நகல் மாறக் கூடாது. பத்திரிகையாளரோ வாரிய உறுப்பினரோ ஆறு மாதம் கழித்து அதே எண்ணைக் கேட்டால் நகலிலிருந்து கொடுங்கள். திருத்தம் பெரிதென்றால் மாநிலத்தின் திருத்தச் சாளரம் திறந்திருக்கும்போதே அனுப்பி, புதிய நகலுக்குப் புதிய தேதியிட்டுப் பழையதன் பக்கத்திலேயே வையுங்கள்.