குதிரையிடம் அடிபடாமல் வேலை செய்வது எப்படி? பழனி மலையில் புதிதாகக் கயிறு பிடிப்போருக்கு

கொடைக்கானல் ஏரிச் சாலையில் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரைகளைத்தான் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டங்களிலும், வாகனப் பாதை நெடுங்காலம் எட்டாதிருந்த வெள்ளகவி போன்ற ஊர்களிலும் மூட்டை சுமப்பதற்குக் குதிரையே துணை. அத்தகைய பொதிக்குதிரையின் கயிற்றை முதன்முறையாகக் கையில் வாங்குகிறவர்களுக்காக இவ்விளக்கம் எழுதப்படுகிறது. சவாரி கற்பிப்பது இதன் நோக்கமன்று. தரையில் நின்று வேலை செய்யும்போது நேரும் உதை, கடி, மிதி, கயிற்றுக் காயம் ஆகியவற்றைத் தவிர்ப்பதும், நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவையும் மட்டுமே இங்கே பேசப்படுகின்றன.

படி 1: மாட்டுப் பழக்கத்தை விடுங்கள்

மாடு வளர்த்துப் பழகியவர்களே குதிரையிடம் எளிதில் அடிபடுகிறார்கள் என்பது என் கருத்து. மாடு பெரும்பாலும் பின்னங்காலை முன்னோக்கிக் கொண்டுவந்து பக்கவாட்டில் வீசி உதைக்கும். ஆகவே அதன் விலாப்பக்கம் நிற்கத் தயங்குகிறவர், வாலுக்கு நேராகப் போய் நிற்பதில் அச்சம் கொள்வதில்லை. குதிரையின் முழு வலிமையும் நேர் பின்னால்தான் பாயும். மேலும், குதிரைக்கு மூக்கணாங்கயிறு கிடையாது. இழுத்து நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கையோடு, முந்நூறு கிலோ எடையுள்ள மிரண்ட விலங்கோடு மல்லுக்கு நிற்பது வீண்.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், ஏறத்தாழ சுற்றிலும் அதனால் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடமும், வாலுக்கு நேர் பின்னே உள்ள இடமும் மட்டும் அதற்குத் தெரியாது. எனவே, குரல் கொடுத்துக்கொண்டே இடது தோள்பட்டையை நோக்கிச் சாய்வாக நடந்து சென்று, முதலில் கழுத்தின் அடிப்பகுதியைத் தொடுங்கள். பெரும்பாலான குதிரைகள் இடது பக்கத்திலிருந்தே பழக்கப்படுத்தப்படுகின்றன. முகத்துக்கு நேராகக் கையை நீட்டுவதும், மூக்கைத் தட்டிக் கொடுப்பதும் புகைப்படத்துக்கு அழகாக இருக்கலாம். கடி வாங்குவதற்கும் அதுவே வழி.

காதுகள் பிடரியோடு ஒட்டிப் பின்னுக்கு மடிந்திருந்தாலும், வால் ஈ விரட்டும் அளவைத் தாண்டிச் சுழன்றடித்தாலும், கண்ணின் வெள்ளை தெரிந்தாலும் அணுகாதீர்கள். உரிமையாளரைக் கூப்பிடுங்கள்.

படி 2: கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள்

இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும் என்று சொல்லுமளவுக்கு இது முக்கியமானது. கயிற்றை உள்ளங்கையிலோ மணிக்கட்டிலோ இடுப்பிலோ ஒருபோதும் சுற்றிக்கொள்ளக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் லாரி ஒலி எழுப்பினாலோ, புதருக்குள்ளிருந்து காட்டுமாடு எழுந்தாலோ, காற்றில் தார்ப்பாய் படபடத்தாலோ குதிரை ஒரே பாய்ச்சலில் கிளம்பும். அப்போது சுற்றியிருக்கும் கயிறு இறுகி விரலைத் துண்டிக்கவோ, ஆளையே இழுத்துச் செல்லவோ கூடும். மிச்சக் கயிற்றை எட்டு வடிவில் மடித்து, அந்த மடிப்பின் நடுவைப் பிடித்துக்கொண்டால், விடவேண்டிய நேரத்தில் விரலைத் திறந்தாலே போதும். மிரண்ட குதிரையை விட்டுவிடுங்கள்.

கட்டும்போது, வாய்க்குள் இரும்பு செல்லும் கடிவாளத்தில் கட்டாமல், தலையைச் சுற்றி மட்டும் போடும் தலைக்கயிற்றில் கட்டுங்கள். இல்லாவிட்டால் திமிறும்போது வாய் கிழியும். ஆடாத கம்பத்தில், குதிரையின் தோள் உயரத்தில், ஒரு கை நீளத்துக்கு மேல் தொங்காதபடி கட்ட வேண்டும். கயிறு நீளமாக விடப்பட்டால் முன்னங்கால் அதைத் தாண்டிச் சிக்கிக்கொள்ளும். நுனியை இழுத்தவுடன் அவிழும் முடிச்சைத்தான் போட வேண்டும்: கயிற்றைக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்து ஒரு வளையம் செய்து, நுனியை அப்படியே நுழைக்காமல், நுனிப்பக்கத்துக் கயிற்றை இரண்டாக மடித்து, அந்த மடிப்பை மட்டும் வளையத்துக்குள் நுழைத்து, குதிரைப் பக்கத்துக் கயிற்றை இழுத்து இறுக்குங்கள். நுனி வெளியே தொங்கும். அதைப் பற்றி ஓர் இழுப்பு இழுத்தால் முடிச்சு முழுவதும் அவிழும். முடிச்சு போடும் நேரத்தில் வளையத்துக்குள் விரல் இருக்கக் கூடாது. வீட்டுத் தூணில் கட்டிப் பழகிவிட்டுக் குதிரையிடம் வாருங்கள்.

படி 3: பின்னால் கடப்பதும் குளம்பைத் தூக்குவதும்

குதிரையின் பின்புறத்தைக் கடப்பதற்கு இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, மூன்று மீட்டருக்கு மேல் விலகிச் செல்வது. மற்றொன்று, கையைப் பின்தொடையின் மீது வைத்தபடி, பேசிக்கொண்டே, உடலோடு ஒட்டி நடப்பது. ஒட்டியிருக்கும்போது கால் முழுவதும் நீள இடமில்லாததால் உதையின் வேகம் குறையும். இரண்டுக்கும் நடுவே, ஒரு மீட்டர் தொலைவில் நிற்பதுதான் மிகவும் ஆபத்தானது.

முன்னங்குளம்பைப் பார்க்க, தோளருகே வாலை நோக்கி நின்று, கையைத் தோளிலிருந்து மெல்ல வழித்துக் கீழே கொண்டுவந்து, கணுவுக்கு மேலுள்ள தசைநாணை லேசாக அழுத்துங்கள். பழகிய குதிரை தானே காலைத் தரும். குந்தியோ மண்டியிட்டோ உட்காராமல் குனிந்தே நில்லுங்கள்; உட்கார்ந்தவரால் நொடியில் விலக முடியாது. லாடம் அடித்த குளம்பு செருப்புக் காலை மிதித்தால் விரல் நசுங்கும் என்பதால், மூடிய தடித்த காலணி கட்டாயம்.

படி 4: ஒற்றையடிப் பாதையில்

இருபக்க மூட்டைகளும் சம எடையில் இருக்கட்டும். பள்ளத்துப் பக்கம் குதிரையோடு இணையாக நடக்காதீர்கள். மூட்டை இடித்தாலே உருண்டுவிடுவீர்கள். பாதை குறுகினால், நீங்கள் முன்னால் சென்று, இடைவெளி விட்டுக் குதிரையைப் பின்னே வரவிடுங்கள்.

படி 5: அடிபட்டுவிட்டால்

முதலில் ஆளைக் குளம்பெட்டாத தூரத்துக்குக் கொண்டுவாருங்கள்; குதிரையைப் பிடிப்பது பிறகு. கழுத்திலோ முதுகெலும்பிலோ வலி இருந்தால் ஆளை அசைக்காமல் குதிரையை விலக்குங்கள்.

தலையில் அடிபட்டு, ஒரு கணமேனும் நினைவு தப்பியிருந்தாலோ, வாந்தி, மயக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, இரு கண்மணிகளின் அளவில் வேறுபாடு, காதிலோ மூக்கிலோ நீர் அல்லது இரத்தம் வடிதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

வயிற்றில் விழும் உதையைப் பலரும் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். தோலில் சிறு கன்றல்கூட இல்லாமல் உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து, சில மணி நேரம் கழித்தே முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, தோள் வலி, வயிறு இறுகுதல் போன்றவை தோன்றலாம். இத்தகையவருக்கு உணவோ, நீரோ, காப்பியோ கொடுக்கக் கூடாது. மலையில் இருப்பவர்கள் இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும்: சாலையில்லாத ஊரிலிருந்து டோலி கட்டித் தூக்கிவர வேண்டும், அதன்பின் வத்தலக்குண்டு வழியாக மலையிறங்கி மதுரைக்கோ தேனிக்கோ செல்லவும் நேரிடலாம். இரவும் மூடுபனியும் சேர்ந்தால் இன்னும் தாமதமாகும். ஆகையால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவைக்காமல், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள்.

கடித்து, தோல் கிழிந்திருந்தால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. குதிரை பாலூட்டி என்பதால் அதற்கும் வெறிநோய் வரக்கூடும். தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். டெட்டனஸ் கிருமி குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் இருக்கும். காயத்தில் மண் சேர்ந்து, கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

கால் மிதிபட்டால் வீங்குவதற்கு முன்பே காலணியையும் மெட்டியையும் கழற்றிவிட்டு, குளிர்ந்த ஈரத்துணியைச் சுற்றுங்கள். நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கயிறு உரசிய எரிகாயத்தை ஓடும் நீரில் ஆறவைத்துச் சுத்தத் துணியால் மூடினால் போதும்.

படி 6: குதிரையைப் பாருங்கள்

அமைதியாக இருந்த குதிரை திடீரென உதைத்தாலோ கடித்தாலோ, அதைக் கோலால் அடிக்கும் முன் சேணத்தை இறக்கி முதுகைத் தடவிப் பாருங்கள். சேணம் அழுத்திய புண், வாருக்கடியில் சிக்கிய முள், தளர்ந்த லாடம், பார்வை மங்கிய கண் ஆகியவை பெரும்பாலும் காரணமாக இருக்கும். புண் இருந்தால், அது ஆறும்வரை அக்குதிரையின் மீது மூட்டை ஏற்றக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு, சேணத்தின் அடிமெத்தையையும் மாற்றுங்கள்.