ஹிட்டு பாட்டுன்னா நல்ல பாட்டா? ரசனை விஷயத்துல நாம பண்ற தப்புங்க

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஒரு பாட்டு லிங்க் அனுப்பினான், கூடவே "புல்லரிச்சிருச்சுடா, உடனே கேளு"ன்னு மெசேஜ். ஹெட்ஃபோன மாட்டிட்டு ப்ளே பண்ணேன், ஆரம்ப மியூசிக்கே முடியல, அதுக்குள்ள விரல் கமெண்ட்டுக்கு போயிடுச்சு, அங்க எல்லாரும் ரெண்டாவது சரணத்துல வர்ற வயலினுக்கு உருகிட்டு இருந்தாங்க, நானும் அதுக்காகவே காத்திருந்து அது வந்ததும் ஆஹான்னேன். அந்த ஆஹா என்னோடதா, கமெண்ட் போட்டவங்களோடதா, சத்தியமா தெரியல.

"நான்லாம் அடுத்தவன் சொல்லி எதையும் ரசிக்கிற ஆள் இல்ல"ன்னு நினைக்கிறதுதான் மொத தப்பு. 2010ல வந்த ஒரு ஆய்வுல 12லருந்து 17 வயசு பசங்களுக்கு அவங்க கேள்விப்படாத பாட்டுங்கள போட்டு மார்க் போடச் சொன்னாங்க, அப்புறம் அதே பாட்டு எவ்வளவு பாப்புலர்னு காட்டி மறுபடி மார்க் கேட்டாங்க, நெறய பேர் ஊரு பக்கம் சாஞ்சுட்டாங்க. அந்த நேரத்துல மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்தா பதட்டத்தோட சம்பந்தப்பட்ட பகுதிங்கதான் அதிகமா வேலை செஞ்சிருக்கு. நம்ம ரசனை கூட்டத்தோட ஒத்துப்போகலயேன்னு ஒரு உறுத்தல் போல.

அடுத்தது வியூஸ் எண்ணிக்கைய தரத்துக்கு குடுத்த மார்க்கா எடுத்துக்கிறது. இதுக்கு 2006ல மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ்னு மூணு ஆராய்ச்சியாளருங்க பண்ண சோதனைய சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. ஒரு வெப்சைட்ல பேர் தெரியாத பேண்டுங்களோட 48 பாட்ட போட்டாங்க, மொத்தம் 14,341 பேர் வந்தாங்க, கேட்டுட்டு ஸ்டார் குடுக்கலாம், பிடிச்சா டவுன்லோட் பண்ணிக்கலாம். கொஞ்சம் பேருக்கு பாட்டு பேரும் பேண்ட் பேரும் மட்டும்தான் தெரியும். மீதிப் பேர எட்டு தனித்தனி உலகமா பிரிச்சு, அந்தந்த உலகத்துல எத்தனை பேர் டவுன்லோட் பண்ணாங்கன்னு பக்கத்துலயே காட்டினாங்க. எல்லா உலகமும் ஜீரோலதான் ஆரம்பிச்சது, பாட்டும் அதேதான், ஆனா யாரு நம்பர் ஒன்னுங்கிறது உலகத்துக்கு உலகம் மாறிப்போச்சு. எண்ணிக்கையே காட்டாத குரூப்ல 26வது இடத்துல இருந்த ஒரு பாட்டு, ஒரு உலகத்துல முதல் இடம், இன்னொண்ணுல 40வது! டவுன்லோட் வரிசைப்படி அடுக்கிக் காட்டினப்போ ஜெயிச்சதுக்கும் தோத்ததுக்கும் நடுவுல இடைவெளி இன்னும் பெருசாச்சு, இப்ப நாம பாக்குற ட்ரெண்டிங் லிஸ்ட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான அடுக்கியிருக்கு.

இதனாலதான் பாட்டு ஓடினதுக்கப்புறம் "அந்த ஹூக் லைன் இருக்கே, அப்பவே தெரியும்"னு காரணம் சொல்றவங்கள பாத்தா எனக்கு சிரிப்பா வரும். 40வது இடத்துக்கு போன உலகத்துலயும் அதே ஹூக் லைன்தான இருந்துச்சு.

ஆனா உடனே எதிர்ப்பக்கம் தாவி "எல்லாமே ஹைப்பு, தரம்னு ஒண்ணும் கிடையாது"ன்னு சொல்றதும் தப்பு. அதே சோதனையில ரொம்ப நல்ல பாட்டு, அதாவது எண்ணிக்கை காட்டாத குரூப்ல மேல இருந்த பாட்டு, அடிமட்டத்துக்கு போனதும் ரொம்ப மோசமான பாட்டு உச்சிக்கு வந்ததும் அபூர்வம், ஆட்டமெல்லாம் நடுவுல இருக்கிறதுக்குத்தான். 2008ல சல்கானிக்கும் வாட்ஸும் டவுன்லோட் வரிசைய வேணும்னே தலைகீழா மாத்தி பொய்யா காட்டினாங்க, சில பாட்டு அந்தப் பொய்யாலயே மேல ஏறிச்சு, ஆனா ரொம்ப நல்ல பாட்டுங்க மெதுவா எழுந்து வந்துடுச்சு. மொத்த டவுன்லோடும் குறைஞ்சுபோச்சு, ஜனங்க அவ்வளவு ஏமாளி இல்ல.

கூட்டத்துக்கு பிடிச்சதால மட்டுமே ஒரு பாட்ட வெறுக்கிற ஆளுங்களும் இருக்காங்க. அவங்களும் கூட்டத்த பாத்துதான் முடிவெடுக்கிறாங்க.

இன்னொண்ணு, பழக்கத்த ரசனைன்னு குழப்பிக்கிறது. திரும்பத் திரும்ப பாக்குற கேக்குற பொருள் மேல தானா ஒரு பிடிப்பு வரும்னு உளவியல் ஆராய்ச்சியாளர் ராபர்ட் சயான்ஸ் 1968லயே எழுதிட்டார், அதனால பத்து ரீல்ஸ்ல ஒரே பாட்டு காதுல விழுந்தப்புறம் "இப்பதான் பிடிக்குது"ன்னு தோணினா அதுல ஆச்சரியமே இல்ல.

நான் இப்போ பண்றது ஒண்ணே ஒண்ணு, மொத தடவை போன கவுத்து வெச்சுட்டு கேக்குறேன், அப்புறம்தான் கமெண்ட். அந்த வயலின் பாட்டையும் அப்படி மறுபடி கேட்டேன். வயலின் ஓகேதான், ஆனா அதுக்கு அடியில ஒரு பேஸ் கிட்டார் ஓடுது பாருங்க, அத பத்தி ஒருத்தர்கூட எழுதல.