கடலோர வீட்டில் ஸ்பிளிட் ஏசி: இன்டோர் பொருத்துவதும் காப்பர் பைப் இழுப்பதும்

புதுச்சேரி குருசுக்குப்பத்திலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் உப்புக்காற்றும் ஈரப்பதமும் ஓய்வதில்லை. வேறு ஊரில் வெகுநாள் மறைந்திருக்கக்கூடிய பைப் குறை, இங்கே சீக்கிரமே கேஸ் கசிவாகவோ சுவர் ஓதமாகவோ வெளிப்பட்டுவிடும். எனவே மாட்டுகிற நாளில் மெக்கானிக் எதைச் செய்ய வேண்டும் என்பதை வீட்டுக்காரரும் அறிந்திருப்பது நல்லது.

அறைக்குள் மாட்டும் இன்டோர் யூனிட் காற்றை மேல்பக்கமாக இழுப்பதால், கூரைக்கும் அதற்கும் நடுவே கம்பெனி சொல்லும் இடைவெளியை, பெரும்பாலும் 15 சென்டிமீட்டரை, விட வேண்டும். சுவர்த் தகட்டை ரசமட்டம் வைத்தே பொருத்துங்கள். புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு உதிரும் தன்மையுள்ளது. பூச்சிலோ செங்கல் இடுக்கிலோ அடித்த பிளக் சில நாளில் ஆடத் தொடங்கும் என்பதால், நீளமான திருகு செங்கல்லுக்குள்ளேயே இறங்க வேண்டும். பைப்புக்கான சுமார் 65 மில்லிமீட்டர் துளையை வெளிப்பக்கம் சற்றுத் தாழும்படி போட்டால்தான் டிரெயின் தண்ணீர் வெளியே ஓடும். ஐப்பசி கார்த்திகை மழையில் கிழக்குச் சுவரை அறையும் சாரலும் உள்ளே வராது.

ஒன்றரை டன் ஏசிக்குப் பெரும்பாலும் கால் அங்குலம், அரை அங்குலம் என இரண்டு காப்பர் பைப்புகள் வரும். உங்கள் மாடலுக்கு உரிய அளவையும், அதிகபட்ச நீளத்தையும், நீளம் கூடினால் மீட்டருக்கு எத்தனை கிராம் கேஸ் சேர்க்க வேண்டும் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஏசிகளின் ஆர்-22 கேஸ் ஓடிய பைப்பை அப்படியே பயன்படுத்தலாம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. புதிய ஏசிகளில் வரும் ஆர்-32, ஆர்-410ஏ கேஸ்களின் அழுத்தம் அதைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். அதோடு பழைய மினரல் ஆயில் புதிய கம்ப்ரசர் ஆயிலோடு சேராது. இந்தப் புதிய ஆயில் ஈரத்தை வேகமாக உறிஞ்சி நாளடைவில் அமிலமாகும் தன்மை கொண்டது. ஆகவே பைப் முனைகளின் மூடியை இணைக்கும் நிமிடம் வரை கழற்றாதீர்கள்.

முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் ஃபிளேர், அதாவது நட்டுக்குள் கசியாமல் உட்காரும்படி பைப்பின் வாயைப் புனல் போல் விரிப்பது. பைப்பைக் கட்டரால் மெல்ல மெல்ல இறுக்கிச் சுற்றி வெட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு உள்விளிம்பின் பிசிறை ரீமரால் எடுக்க வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால் செம்புத்தூள் பைப்புக்குள் போய்விடும். ஃபிளேர் நட்டை முதலில் கோத்துவிட்டுத்தான் வாயை விரிக்க வேண்டும் (மறந்துவிட்டு விரித்த வாயை வெட்டி எறியாத மெக்கானிக் இருக்க மாட்டார்). விரித்த வாய் வட்டம் கோணாமல், கண்ணாடி போல் வழவழப்பாக இருக்க வேண்டும். நான் ஒருமுறை பிசிறை எடுக்காமல் அவசரமாக விரித்த ஒரு வாயில், நகத்தால் தடவினால் மட்டும் தெரியும் மயிரிழைக் கோடு விழுந்திருந்தது; மூன்றே மாதத்தில் அந்த அறை குளிரவில்லை என்று அழைப்பு வந்தது, போய்ப் பிரித்தால் நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை. இணைக்கும்போது நட்டைக் கையாலேயே சில சுற்று ஏற்றிவிட்டு, எதிர்ப்பக்கத்தை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, குறித்த விசையில் இறுக்கும் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள்: கால் அங்குலத்துக்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்குச் சுமார் 55.

அடுத்து, பைப்பில் கசிவு உண்டா என்று பார்க்கும் நைட்ரஜன் சோதனை. பொதுவாக 400 பிஎஸ்ஐ அழுத்தம் வரை, கையேடு வேறு சொன்னால் அதன்படி, ஏற்றி ஒவ்வொரு மூட்டிலும் சோப்புநுரை வைத்துப் பாருங்கள். ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது, எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். இரவு முழுக்க விட்டுவைத்தால், வெப்பம் 10 டிகிரி குறைந்ததற்கே முள் 13, 14 பிஎஸ்ஐ இறங்கும். அதைக் கசிவு என்று எண்ணிக் கலங்க வேண்டாம்.

அவுட்டோரில் இருக்கும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் பைப்பில் உள்ள காற்றை வெளியே தள்ளும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது பைப்புக்குள் உள்ள ஈரத்தை எடுக்காது, ஆர்-32 தீப்பற்றக்கூடியதும் ஆகும். வேக்குவம் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி, பைப்பின் உள் அழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே இறக்குங்கள்; அந்த அழுத்தத்தில் தண்ணீர் பூஜ்யத்துக்கும் 20 டிகிரி கீழேயே கொதித்து ஆவியாகிவிடும். சாதாரண கேஜின் முள் இந்த அளவைக் காட்டாது, மைக்ரான் கேஜ் தனியே வேண்டும். பம்பை மூடிப் பத்து நிமிடம் கவனித்தால், மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றுவிடுவது மிச்ச ஈரம், நிற்காமல் ஏறிக்கொண்டே போவது கசிவு. இரண்டும் இல்லையென்றால் மட்டுமே, அவுட்டோரின் கேஸைப் பைப்புக்குள் விடும் சர்வீஸ் வால்வைத் திறக்கலாம்.

இரண்டு பைப்புக்கும் தனித்தனியே இன்சுலேஷன் போட வேண்டும். பெரும்பாலான ஸ்பிளிட்டுகளில் அழுத்தத்தைக் குறைக்கும் கேபிலரி அல்லது வால்வு அவுட்டோரிலேயே இருப்பதால், மெல்லிய பைப்பும் குளிர்ந்தே வரும். கோடையில் நம் கடற்கரைக் காற்று 25 டிகிரி குளிர்ச்சியிலேயே வியர்க்கத் தொடங்கிவிடும். 10 டிகிரியில் ஓடும் பைப்பின் மேல் ஒரு விரற்கடை இடைவெளி விட்டாலும் அங்கே சொட்டும். ஃபிளேர் மூட்டுகளைச் சோதனை முடிந்தபின் கடைசியாக மூடி, வெயில் படும் பகுதிக்கு மேலுறை சுற்றிவிடுங்கள்.

மொட்டை மாடி அவுட்டோரைத் துருப்பிடிக்காத போல்ட்டால் தளத்தோடு முடுக்குங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது.

டிரெயின் பைப்புக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வேண்டும், நடுவில் தொய்வு இருக்கக் கூடாது, முனை சாக்கடைத் தண்ணீருக்குள் மூழ்கவும் கூடாது. முன்மூடியைப் பொருத்துவதற்கு முன், ஒரு சொம்புத் தண்ணீரைக் காயிலுக்குக் கீழே உள்ள தட்டில் மெல்ல ஊற்றி, ஒருவரை வெளியே நிறுத்தி, ஊற்றியது முழுவதும் வந்து சேர்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.