படத்தில் குறியீடு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவப்பு வந்தால் ஆபத்து, வெள்ளை வந்தால் தூய்மை, மழை வந்தால் சோகம். படங்களின் குறியீடுகளைப் பற்றிப் பேசும் பலர் இப்படியொரு அட்டவணையோடுதான் உட்காருகிறார்கள். முதல் தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993) கிட்டத்தட்ட முழுவதும் கறுப்பு வெள்ளைப் படம். போலந்தின் கிராக்கோ நகரில் யூதக் குடியிருப்பை நாஜிகள் காலி செய்யும் காட்சியில், ஒரு சிறுமியின் கோட்டுக்கு மட்டும் சிவப்பு. குன்றின் மேல் குதிரையில் அமர்ந்து பார்க்கிறார் படத்தின் நாயகனான ஜெர்மானியத் தொழிலதிபர் ஷிண்ட்லர். கீழே பெருங்கூட்டம் விரட்டப்படுகிறது. அவர் கண்ணோடு நம் கண்ணும் அந்தக் கோட்டின் பின்னாலேயே போகிறது. வெகுநேரம் கழித்து, பிணங்களை ஏற்றிய வண்டியில் அதே சிவப்பு. அதுவரை கூட்டமாகத் தெரிந்தது, பெயரும் வயதும் உள்ள ஆட்களாக அவருக்கு உறைக்கிறது. 'சிவப்பு என்றால் ரத்தம்' என்று எழுதிவிட்டு நகர்ந்தால் இதில் எதுவுமே கைக்கு வராது. சுற்றியுள்ள சாம்பல் நிறம், யார் பார்வையில் அது தெரிகிறது, இரண்டாம் முறை எங்கே வருகிறது, மூன்றும் சேர்ந்துதான் அர்த்தத்தைத் தருகின்றன.

ஆகவே ஒரு பொருளை ஒருமுறை பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. தொடர்களில் இது இன்னும் முக்கியம். 'பிரேக்கிங் பேட்' இரண்டாம் சீசனில் (2009) சில எபிசோடுகள், நீச்சல்குளத்தில் மிதக்கும் கரடிப் பொம்மையோடு தொடங்கும்; எல்லாம் கறுப்பு வெள்ளை, பொம்மை மட்டும் இளஞ்சிவப்பு. அது எங்கிருந்து வந்தது என்பது கடைசி எபிசோடில்தான் புரியும்: நடுவானில் மோதிய விமானங்களிலிருந்து. தொடரின் நாயகன் வால்டர் ஒரு மரணத்தைத் தடுக்காமல் நின்றதற்கும் அந்த விபத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்த பிறகே பொம்மைக்குக் கனம் ஏறுகிறது.

அடுத்தது, "இயக்குநர் இதை நினைத்தாரா?" என்ற கேள்வியோடு பேச்சை முடித்துவிடுவது. 'தி காட்ஃபாதர்' (1972) படத்தில் ஆரஞ்சுப் பழம் தெரிந்தால் மரணம் நெருங்குகிறது என்று ரசிகர்கள் சொல்வார்கள். கலை இயக்குநர் டீன் டவோலாரிஸோ, இருண்ட காட்சிகளுக்கு நிறம் சேர்க்கவே அவற்றை வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அதனால் ரசிகர்கள் கண்டது பொய்யாகிவிடாது. மாஃபியா தலைவர் விட்டோ கார்லியோனி பழம் வாங்கும்போதுதான் சுடப்படுகிறார், பழங்கள் தெருவில் உருள்கின்றன. சாகும் முன் ஆரஞ்சுத் தோலைப் பல்லில் செருகிப் பேரனோடு விளையாடுகிறார். நோக்கம் எதுவானாலும் படத்துக்குள் சான்று இருக்கிறது. சான்றே இல்லாமல் மேஜை மேல் உள்ள ஒவ்வொரு கோப்பைக்கும் தத்துவம் கற்பிப்பது வேறு விஷயம், அதைத்தான் தவிர்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று: குறியீட்டைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் கண்முன் இருப்பதைத் தொலைப்பது. 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) நாணல் பூக்களுக்கு நடுவே ஓடி வரும் குழந்தைகள் ரயிலைக் காண்கிறார்கள். நவீன உலகின் குறியீடு என்பார்கள், சரிதான். ஆனால் முதலில் அது புகை கக்கி, பெரும் சத்தத்தோடு கடந்து போகும் ரயில். அந்தச் சத்தத்தையும், அதை நோக்கி ஓடும் சிறுவன் அப்புவின் ஆசையையும் உணராதவருக்கு 'நவீனம்' என்ற சொல் எதையும் புதிதாகச் சொல்லிவிடாது.