அன்டுவான் வாக்கரின் ஜாமீன் கையெழுத்து: பணம் சேர்த்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகாகோவின் தென்பகுதியில் வளர்ந்த அன்டுவான் வாக்கர், 1996இல் கென்டக்கி பல்கலைக்கழக அணியோடு கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்ற கையோடு, அதே ஆண்டு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் புதுமுகத் தேர்வில் ஆறாவது வீரராக பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு வந்தார். தொடரின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு மூன்று முறை தேர்வானார். 2006இல் மயாமி ஹீட் அணியோடு சாம்பியன் ஆனார். பன்னிரண்டு பருவங்களில் சம்பளமாக மட்டும் 10.8 கோடி டாலர் பெற்றவர், 2010 மே மாதம் திவால் மனு தாக்கல் செய்தபோது அவர் காட்டிய சொத்து 43 லட்சம் டாலர், கடன் 1 கோடியே 27 லட்சம் டாலர். அப்போது அவருக்கு வயது 33.

கார்களையும் கோட்டு சூட்டுகளையும் வாங்கியே அழிந்தார் என்று இந்தக் கதையை முடித்துவிடுவதுதான் வழக்கம். செலவு செய்தார் என்பது உண்மை. அதை அவரே மறைக்கவில்லை. ஆனால் அவரை உண்மையில் சாய்த்தது கடைவீதிச் செலவு அன்று, வங்கிக் கடனுக்கு அவர் போட்ட ஜாமீன் கையெழுத்து என்பதே என் கருத்து.

முதல் தவறு கணக்கிலேயே தொடங்குகிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையைக் கையில் வரும் பணமாக நினைக்கக் கூடாது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அமெரிக்க மத்திய வருமான வரியின் உச்ச விகிதம் 39.6 விழுக்காடு. அதன்மேல் மாநில வரி உண்டு. வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது பல மாநிலங்கள் அங்கே ஆடிய நாள்களுக்கும் வரி கேட்கும். முகவரின் பங்கு நான்கு விழுக்காடு வரை போகலாம். இவையெல்லாம் போக ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். முழுத் தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு தாய்க்கு வீடும் உறவினர்க்கும் நண்பர்க்கும் மாதப் பணமும் தருபவர், தம்மிடம் இல்லாத பாதியிலிருந்தும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது தவறைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வாக்கர் சிகாகோவில் வாடகைக் குடியிருப்புகளில் முதலீடு செய்தார். இது வீண் செலவு அன்று. தாம் பிறந்த ஊரில், விவரமுள்ளவர்கள் பரிந்துரைக்கும் தொழிலில்தான் பணத்தைப் போட்டார். கம்பெனி பெயரில் கடன் வாங்கும்போது, கடன் பத்திரத்தில் கம்பெனியின் சார்பாக, பதவியைக் குறிப்பிட்டு ஒரு கையெழுத்து போடுகிறோம். அதோடு நின்றால், தொழில் நொடிக்கும்போது வங்கி பெரும்பாலும் அந்தக் கட்டடங்களைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் அடுத்த தாளில், பதவி எதுவும் இல்லாமல் வெறும் பெயருக்கு மேலே இன்னொரு கையெழுத்து கேட்பார்கள். அதைப் போட்டவுடன் கம்பெனியின் கடன் சொந்தக் கடனாகிவிடுகிறது; வீடும் சேமிப்பும் கட்டடத்தோடு சேர்ந்து பணயத்துக்கு வருகின்றன. வாக்கர் இப்படித் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றிருந்தார். 2008 நிதி நெருக்கடியில் சொத்து விலைகள் சரிந்தபோது வங்கிகள் கம்பெனியோடு நிற்காமல் அவர்மீதே வழக்குத் தொடுத்தன. அந்த இரண்டாம் தாளைத் தனியே எடுத்து, நமக்காக மட்டும் வேலை செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் பேனாவைத் தொடக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சம்பளம் நிற்கும் நாளைக் கணக்கில் வைக்காதது மூன்றாவது தவறு. மற்றத் தொழில்களில் வருமானம் ஏறத் தொடங்கும் முப்பதுகளின் தொடக்கத்திலேயே கூடைப்பந்து வீரரின் வருமானம் முடிந்துவிடும். வாக்கரை 2008 டிசம்பரில் மெம்பிஸ் அணி விடுவித்தது. ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சம் டாலர் பெற்றவர், அதன் பிறகு ஐடஹோ மாநிலத்தில், பருவம் முழுவதற்கும் உச்சச் சம்பளமே சுமார் 25,000 டாலராக இருந்த கீழ்நிலைத் தொடரில் ஆடினார்.

எல்லாவற்றையும் ஓர் ஆலோசகரிடம் ஒப்படைத்துவிடுவதும் மாற்று வழியாகாது. சிக்கனத்துக்கும் அமைதிக்கும் பெயர்பெற்ற என்.பி.ஏ. வீரர் டிம் டங்கனே தம் ஆலோசகர் மீது 2015இல் வழக்குத் தொடுக்க நேர்ந்தது; 2017இல் அந்த ஆலோசகருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆலோசகரே ஒரு முதலீட்டைக் கொண்டுவந்தால், அதில் அவருக்கு என்ன பங்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இவர்களுக்கு நேர்மாறானவர் ஜூனியர் பிரிட்ஜ்மேன். பெரும்பாலும் மில்வாக்கி பக்ஸ் அணியில் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய அவருடைய உச்சச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 டாலர்தான். ஆட்டம் இல்லாத மாதங்களில் வெண்டிஸ் உணவகத்தில் நேரில் வேலை பார்த்து, ஒரு கடை எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொண்டார். 1987இல் ஓய்வுபெற்ற பிறகு ஒரு சில கடைகளில் தொடங்கி, இருநூறுக்கும் மேற்பட்ட உணவகங்களை நடத்தும் நிலைக்கு வந்தார். தமக்குத் தெரியாத தொழிலில் பணத்தை மட்டும் அனுப்பிவைக்காமல், தாம் நின்று பார்த்த தொழிலையே பெருக்கினார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பின்னர் அந்த உணவகங்களை விற்று, 2017இல் கோகோ கோலாவை பாட்டிலில் அடைத்து விநியோகிக்கும் தொழிலுக்குள் நுழைந்தார். 2025 மார்ச்சில் காலமாவதற்கு முந்தைய ஆண்டு, ஒருகாலத்தில் தமக்குச் சம்பளம் கொடுத்த பக்ஸ் அணியில் பத்து விழுக்காடு பங்கை விலைக்கு வாங்கியிருந்தார்.